முனியாண்டியின் கேடயம்

2023 பிப்ரவரி முதல் சனிக்கிழமை ராத்திரி, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முனியாண்டி சாகக் கிடந்தான்.

முனியாண்டி ஒரு ட்வார்ஃப். நாலடி உயரம், இடுப்புவரை தாடி, வலது கையில் கோடாரி, இடது கையில் கேடயம். பேய்க்கும் மந்திரவாதிக்கும் பயப்படமாட்டான், கடன்காரனுக்கு மட்டும் பயப்படுவான். அவனுக்குப் பெயர் வைத்தவர் சேலத்துக்காரர். 2015-ல் சியாட்டில் பக்கத்து ரெட்மண்டில் வேலைக்கு வந்து இறங்கியபோது எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர், கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். மறுவருடம் ஒரு சனிக்கிழமை "வாடா, ஒரு வெளாட்டு இருக்கு, பைத்தியக்காரத்தனமா இருக்கும், ஆனா நல்லா இருக்கும்" என்று அழைத்துப் போனார். அன்றிலிருந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

இதைப் பார்த்தே இராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவுக்குப் பின்னால ஏதோ மூச்சு விடுது, என்ன பண்றீங்க?" என்று நடத்துபவர் கேட்பார். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது, எவ்வளவு விழுந்தால் வெற்றி என்று சொல்லத்தான் தடித் தடியாக விதிப்புத்தகங்கள். அந்த விதிகளைத் திருத்தி அச்சடித்தால் அது புதிய பதிப்பு. நாவலின் மறுபதிப்பு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே பழைய பதிப்பு வைத்திருப்பவரும் புதியது வைத்திருப்பவரும் ஒரே ஆட்டம் ஆடுவது பெரும்பாலும் நடக்காது.

அன்று நாங்கள் ஆடியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அல்ல. அதன் போட்டியாளரான பாத்ஃபைண்டர், இரண்டாம் பதிப்பு. எல்லோரையும் அங்கே இழுத்துக்கொண்டு போனவன் நான். 2018-லிருந்து கதை நடத்துபவன் நான்தான் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு ராட்சதன் முனியாண்டி மேல் தண்டாயுதத்தை இறக்கினான். நான் கணக்குப் பார்த்துவிட்டு இரட்டைச் சேதம் என்றேன்.

"எப்படிடா? கேடயம் இருக்குல்ல?"

"இருக்குண்ணா. ஆனா இந்த சிஸ்டத்துல ஒவ்வொரு ரவுண்டும் ஷீல்ட தூக்குறேன்னு சொல்லணும். அதுக்கு ஒரு ஆக்‌ஷன் செலவாகும். நீங்க சொல்லல."

"கைலதானடா வெச்சிருக்கான். ஆறு வருஷமா தூக்கிட்டுத்தானே இருக்கான்?"

எல்லோரும் சிரித்தோம், அண்ணாவும்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கேடயம் கையில் இருந்தாலே தற்காப்பில் 2 கூடிவிடும், அதோடு மறந்துவிடலாம். பாத்ஃபைண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று செயல்கள். நடப்பது ஒன்று, அடிப்பது ஒன்று, கேடயம் தூக்குவது ஒன்று. தாக்குபவன் தேவையான எண்ணை 10 அல்லது அதற்கு மேல் தாண்டினால் இரட்டை அடி. அந்த 2 இருந்திருந்தால் முனியாண்டிக்குச் சாதாரண அடிதான் விழுந்திருக்கும். விதி என்கிற முறையில் இது எவ்வளவு அழகானது என்று நான் பத்து நிமிடம் விளக்கினேன். உண்மையிலேயே அழகான விதி. அண்ணா தலையை ஆட்டிக்கொண்டு பகடையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஏன் கூட்டத்தையே கிளப்பிக்கொண்டு போனேன் என்பதற்கு 2000-வது ஆண்டுக்குப் போக வேண்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் எழுதியது. விஸ்கான்சினில் லேக் ஜெனிவா என்கிற சின்ன ஊரிலிருந்து ஆயிரம் பெட்டிகளாக வெளிவந்தது. மறுவருடமே போட்டி வந்துவிட்டது. அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே என்பவர் அந்த விதிகளைப் பார்த்து, பிடிக்காமல், தானே டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் என்று ஒன்றை எழுதினார். யாரிடமும் இருக்கும் ஆறு முகப் பகடை போதும். அப்போதிருந்து ஐம்பது வருடமாக யாராவது ஒருவர் 'இதைவிட நல்லதாக ஒன்று செய்கிறேன்' என்று கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறார். பல சமயம் நல்லதாகவே செய்தும் இருக்கிறார்கள். முதலிடம் மாறுவதில்லை.

1997-ல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அதை வாங்கியது. 1999-ல் விசார்ட்ஸையே ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, ரையன் டான்சி முன்னின்று, ஓப்பன் கேம் லைசென்ஸ் என்று ஒரு உரிமத்தை வெளியிட்டார்கள். எங்கள் விதிகளின் சாரத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் புத்தகம் போடலாம், எங்களுக்குக் காசு தர வேண்டாம். தர்மம் மாதிரி தெரியும், ஆனால் கணக்கு நல்ல கணக்கு. இந்த விளையாட்டை வாங்குபவன் புத்தகத்தை மட்டும் வாங்குவதில்லை, அதே விதி தெரிந்த நாலு பேர் பக்கத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துத்தான் வாங்குகிறான். ஊரெல்லாம் அந்த விதிக்குத் துணைப்புத்தகம் எழுதினால், அடிப்படைப் புத்தகத்துக்கு எங்கிருந்தாலும் விசார்ட்ஸிடம்தான் வந்தாக வேண்டும்.

கணக்கு எட்டு வருடம் ஓடியது. பிறகு அவர்களே அதை உடைத்தார்கள்.

எங்கள் மேசையில் ஒரு அமெரிக்கப் பெரியவர் இருந்தார். 1983-ல் சிறுவனாகச் சிவப்புப் பெட்டி வாங்கியவர். அண்ணா மட்டும் அவரைத் 'தாத்தா' என்று கூப்பிடுவார். அதற்கு 'சீனியர் இன்ஜினியர்' என்று பொருள் சொல்லி வைத்திருந்தோம். அவருக்கு 2008 ஒரு குடும்பத் துக்கம் மாதிரி. நான்காம் பதிப்பு வந்த வருடம் அது. வீட்டில் ஒரு அலமாரி முழுக்க மூன்றரைப் புத்தகங்கள் (2003-ல் திருத்திய பதிப்புக்கு 3.5 என்று பெயர்). ஒரே நாளில் அத்தனையும் பழைய பேப்பர். புது விதியில் போர்வீரனும் மந்திரவாதியும் ஒரே அச்சில் வார்த்த சக்திகளை வைத்திருந்தார்கள். கணினி விளையாட்டு மாதிரி இருக்கிறது என்று பலருக்கும் கோபம். துணைப்புத்தகம் போடுகிறவர்களுக்கும் பழைய திறந்த உரிமம் கிடையாது, கடுமையான நிபந்தனைகளோடு வேறொன்று. நான் பின்னாளில் நான்காம் பதிப்பை ஆடிப் பார்த்தேன். நல்ல விளையாட்டு. ஆனால் தாத்தாவிடம் அதைச் சொல்லக்கூடாது.

அந்த இடைவெளியில்தான் பைசோ வந்தது. பைசோவை நடத்திய லிசா ஸ்டீவன்ஸ் முன்பு விசார்ட்ஸில் இருந்தவர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அதிகாரபூர்வப் பத்திரிகைகளான டிராகன், டன்ஜன் இரண்டையும் 2002 முதல் பைசோதான் நடத்திக்கொண்டிருந்தது. 2007-ல் விசார்ட்ஸ் அந்த உரிமத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பத்திரிகைகளை இழந்து நின்ற நிறுவனம், 2008 மார்ச்சில் ஒரு முடிவை அறிவித்தது. திறந்த உரிமம் இன்னும் செல்லும், நாங்கள் மூன்றரையை விடப்போவதில்லை, அதையே கொஞ்சம் செப்பனிட்டு எங்கள் பெயரில் போடுகிறோம். சோதனைப் படிவத்தை இலவசமாகக் கொடுத்து, ஆடிப் பார்த்துக் குறை சொல்லச் சொன்னார்கள். 2009 ஆகஸ்டில் 576 பக்கத்தில் பாத்ஃபைண்டர் வந்தது. ஆட்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'மூன்றேமுக்கால்'. 2011-லிருந்து சில வருடம், கடைகளில் விசாரித்துப் போடும் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் பாத்ஃபைண்டர் இருந்தது. முதலிடம் மாறியது என்று சொல்லக்கூடிய அபூர்வமான தருணம் அது.

ஆனால் தாத்தா அதை வேறு மாதிரி சொல்வார். "நான் எங்கேயும் போகவில்லை. விளையாட்டுதான் என்னைவிட்டுப் போனது. பைசோ அதைப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தது." அதாவது, 2009-ல் பாத்ஃபைண்டரை வாங்கியவர் புதிதாக எதையும் வாங்கவில்லை. தன் அலமாரியைக் காப்பாற்றிக்கொண்டார். இதை அவர் என்னிடம் 2019 வாக்கிலேயே சொல்லிவிட்டார். நான் காதில் வாங்கியிருந்தால் முனியாண்டி அடிபட்டிருக்க மாட்டான்.

விசார்ட்ஸும் பாடம் படித்தது. 2014-ன் ஐந்தாம் பதிப்பு இரண்டு வருடம் பொதுவெளியில் சோதித்து எழுதப்பட்டது. எளிமையாக இருந்தது, முக்கியமாகப் பழைய வாசனை அதில் இருந்தது. 2015-ல் கிரிட்டிகல் ரோல் என்று குரல் நடிகர்கள் சேர்ந்து இணையத்தில் நேரலையாக ஆட ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள் ஆடிக்கொண்டிருந்தவரை அவர்கள் ஆடியது பாத்ஃபைண்டர். கேமரா முன்னால் வந்தபோது ஐந்தாம் பதிப்புக்கு மாறிக்கொண்டார்கள். எண்ணிக்கை குறைவு, கூட்டல் கழித்தல் குறைவு, பார்க்கிறவருக்குச் சட்டென்று புரியும். பாத்ஃபைண்டரின் வரலாற்றில் அதைவிடப் பெரிய இழப்பு ஏதும் இருக்குமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அடுத்த வருடம் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ். அதே 2016-ல்தான் அண்ணா என்னை இழுத்துக்கொண்டு போனார். நானும் அந்த அலையில் வந்து ஒதுங்கியவன்தான்.

இப்போது 2023 ஜனவரி. விசார்ட்ஸ் பழைய திறந்த உரிமத்தை மாற்றப்போகிறது என்று வரைவு கசிந்து, 5-ம் தேதி கிஸ்மோடோவில் லிண்டா கொடேகா எழுதினார். வருடத்துக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல் விற்பவர்கள், மேற்பட்ட தொகையில் 25 சதவீதம் வரை தர வேண்டும். 23 வருடம் பழகிய வாசலில் திடீரென்று டோல்கேட். ஆட்கள் கொதித்தார்கள். நான் கொதித்ததற்கு அளவே இல்லை. எனக்குச் சொந்தமாக ஒரு வரி பிரசுரமானதில்லை, உரிமத்தால் எனக்கு ஒரு சென்ட் நஷ்டமும் இல்லை. ஆனாலும் குழு வாட்ஸாப்பில் நீள நீளமாக எழுதினேன். இனி இவர்கள் புத்தகம் நம் மேசையில் இருக்கக்கூடாது என்றேன்.

பாத்ஃபைண்டர் மூலநூல் 640 பக்கம், விலை ஏறத்தாழ 60 டாலர். எட்டு மாதத்துக்கு என்று வைத்திருந்த இருப்பு இரண்டே வாரத்தில் தீர்ந்துவிட்டதாக பைசோ அறிவித்தது. அந்த எட்டு மாதச் சரக்கில் ஒரு பிரதி என்னுடையது. ஜனவரி 27-ம் தேதி விசார்ட்ஸ் முழுசாகப் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸில் போட்டுவிட்டது. சண்டை முடிந்தது, நாங்கள் ஜெயித்தோம். திரும்பி வந்திருக்கலாம். ஆனால் அதற்குள் எனக்குப் புத்தகமும் வந்துவிட்டது, ரோஷமும் வந்துவிட்டது. இரண்டு வாரம் ராத்திரி கண்விழித்து எல்லோருடைய பாத்திரங்களையும் புது விதிக்கு மாற்றி எழுதினேன். படிக்க வேண்டிய பக்கங்களுக்கு ஒட்டுத்தாள் வைத்து, புத்தகத்தை முதலில் அண்ணா கையில் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்து கொண்டுவந்தார். ஒட்டுத்தாள்கள் வைத்தது வைத்தபடி இருந்தன.

முனியாண்டி அடிபட்ட வாரத்துக்கு அப்புறம் அண்ணா இரண்டு முறை வந்தார். பிறகு "இந்த வாரம் முடியலடா" என்று மெசேஜ். அடுத்த வாரமும் அதே. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு புது விதி கற்றுக்கொள்ள இவ்வளவு சோம்பலா என்று தாத்தாவிடம் புலம்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி கடைசியில் இந்தியன் ஸ்டோரில் அண்ணியைப் பார்த்தேன். வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். சும்மா கேட்கிற மாதிரி, "என்னண்ணி, அண்ணாவுக்கு எங்க மேல கோவமா?" என்றேன்.

"உங்ககிட்ட சொல்லலையா தம்பி?"

ஜனவரி கடைசி வாரத்தில் வேலை போய்விட்டது. அந்த மாதம் அந்த ஊரில் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தன. அண்ணா எச்1பி. வேலை போனால் 60 நாள். அதற்குள் வேறு இடம் கிடைக்கவில்லை என்றால், வேறு விசா வழியும் இல்லை என்றால், மூட்டை கட்ட வேண்டியதுதான். பகலெல்லாம் இன்டர்வியூவுக்குப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். பதினெட்டு வருட அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு, காலேஜ் பையன் மாதிரி அல்காரிதம் புத்தகத்தை முதலிலிருந்து. ராத்திரி தூக்கம் இல்லை.

"சனிக்கிழம மட்டும் போய்ட்டு வரட்டும்னு நான்தான் அனுப்புனேன். அங்க போனா கொஞ்சம் மறந்துருப்பாருன்னு. வந்து, 'அங்கயும் புதுசா படிக்கச் சொல்றாங்க'ன்னாரு."

அண்ணி குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கூடையில் எடுத்துப் போட்டிருந்த பொருளையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்திருந்தேன்.

போட்டி நிறுவனங்கள் எங்கே தோற்கின்றன என்று விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். விளம்பரப் பணம், கடை அலமாரி, பெயர்ப் புகழ் என்று. எல்லாம் சரிதான். ஆனால் புதிய புத்தகத்தை எதிர்த்து நிற்பது பழைய புத்தகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். களைத்துப்போன ஒரு ஆளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று எவ்வளவு பெரிய சொத்து என்பது எனக்கு உறைக்கவே இல்லை. முனியாண்டியின் கேடயம் சொல்லாமலே தூக்கியிருக்கும் ஒரு இடம் அவருக்கு வாரத்தில் நாலு மணி நேரம் தேவைப்பட்டது. நான் அதற்கும் ஒரு ஆக்‌ஷன் செலவு வைத்தேன்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கால் ஆஃப் கதுல்ஹு. 1981-ல் சாண்டி பீட்டர்சன் எழுதியது. 2014-ல் ஏழாம் பதிப்பு வந்தது. அத்தனை பதிப்புக்கு அப்புறமும், எண்பதுகளில் எழுதிய கதையைச் சின்னத் திருத்தங்களோடு இன்றைக்கு எடுத்து நடத்தலாம். நூலகத்தில் தேடும் திறமை 60 என்று தாளில் இருந்தால், நூற்றுக்கு 60 வாய்ப்பு, அவ்வளவுதான். பாத்திரங்களும் மந்திரவாதிகள் அல்ல, பத்திரிகையாளர், பேராசிரியர், டாக்டர். ஜப்பானில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைவிட இதுதான் பிரபலம். அங்கே அதற்கு முன்பே 1989-ல் சோர்டு வேர்ல்டு என்று உள்நாட்டு விளையாட்டு ஒன்று, சட்டைப்பையில் அடங்கும் மலிவுப் பதிப்பில், ஆறு முகப் பகடை மட்டும் போதும் என்று வந்து பரவியிருந்தது. புதிதாக வருகிறவனிடம் எவ்வளவு குறைவாகக் கேட்கலாம் என்று யோசித்தவர்கள் ஜெயித்திருக்கிறார்கள்.

மார்ச் கடைசியில் அண்ணா குடும்பத்தோடு சேலம் திரும்பினார். ஏர்போர்ட்டில் விடப் போனபோது மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். "போடா லூசு, ராட்சதன்கிட்ட அடிவாங்கறதெல்லாம் ஒரு மேட்டரா" என்றார். பெட்டிகள் எடை கூடிவிட்டதால் புத்தகங்கள், பகடைகள், முனியாண்டியின் பழைய தாள் உள்ள ஃபைல் எல்லாம் என்னிடமே தங்கிவிட்டன. கூட்டமும் அதோடு கலைந்தது. கூட இருந்த விஜயவாடாப் பெண் வேறு ஊருக்கு மாறினாள். தாத்தாவும் நானும் எப்போதாவது காபி குடிப்போம்.

நவம்பரில் பைசோ தன் மூலநூலையே மாற்றிப் போட்டது. பழைய உரிமத்தின் நிழல் விழாமலிருக்க, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து வந்த சொற்களையெல்லாம் களைந்தார்கள். 'மேஜிக் மிஸைல்' மந்திரம்கூட 'ஃபோர்ஸ் பராஜ்' ஆனது. ஆக, நான் சண்டை போட்டு வாங்கிய 640 பக்கம் பத்து மாதத்தில் பழைய பதிப்பு. தாத்தா ஒரு மணி நேரம் சிரித்தார்.

அந்தப் பக்கம் விசார்ட்ஸ் 2024-ல் விதிகளைத் திருத்திப் புது மூலநூல் போட்டது, ஆனால் மறந்தும் 'ஆறாம் பதிப்பு' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. 2008-ன் தழும்பு. 2025-ல் கிரிட்டிகல் ரோல்காரர்களின் சொந்த நிறுவனம் டேகர்ஹார்ட் என்ற புது விளையாட்டைக் கொண்டுவந்தது. இரண்டு பன்னிரண்டு முகப் பகடை, ஒன்று நம்பிக்கை, ஒன்று அச்சம். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஐந்தாம் பதிப்பை எழுதியவர்களில் முக்கியமான ஜெரமி கிராஃபோர்டும் கிறிஸ் பெர்க்கின்ஸும் அங்கே வேலைக்குப் போய்விட்டார்கள். எல்லாம் கூடிவந்த மாதிரி இருந்தது. அந்த வருடக் கடைசியில் தொடங்கிய தங்கள் பெரிய தொடருக்கு அவர்கள் எடுத்த விதிநூல் எது என்றால், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சேலத்தில் இறங்கினேன். அண்ணா அங்கேயே ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்தார். அவர் மகளுக்குப் பதினொரு வயது. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று பாத்ஃபைண்டரின் ஆரம்பப் பெட்டி ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். கொடுக்கும்போது கொஞ்சம் உதறல்தான். அண்ணா பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "மறுபடியுமா?" என்றார்.

இப்போது மாதம் இரண்டு முறை ஆடுகிறோம். எனக்குச் சனிக்கிழமை ராத்திரி, அவர்களுக்கு ஞாயிறு காலை. நான் மடிக்கணினியில் இருந்து நடத்துவேன். அங்கே அண்ணா, மகள், எதிர்வீட்டு இரட்டையர். முனியாண்டியும் வந்துவிட்டான். தாளைப் புதிதாக, முதல் நிலையிலிருந்து எழுதினோம். குழந்தைகளுக்கு மூன்று செயல் விதியை விளக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர்களுக்கு மறப்பதற்கு எதுவும் இல்லை. போன வாரம் ஒரு ஓநாய்க் கூட்டம். மகள் ஒரு அடி அடித்தாள், ஒரு அடி பின்வாங்கினாள், "மூணாவதுக்கு ஷீல்ட தூக்கிக்கிறேன்" என்றாள். பிறகு பக்கத்தில் திரும்பி, "அப்பா, நீயும் தூக்கு. எப்பப் பார்த்தாலும் மறந்துர்ற."

"கைலதான்டி இருக்கு" என்றார் அண்ணா.

முடிந்ததும் கேமராவுக்கு முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தாள். "சித்தப்பா, அடுத்த டி அண்ட் டி எப்போ?"

ஊரில் எந்த மெஷினில் எடுத்தாலும் ஜெராக்ஸ்தானே. பெட்டி மேல் கொட்டை எழுத்தில் பாத்ஃபைண்டர் என்று போட்டிருப்பது அவளுக்குப் பின்னால் அலமாரியில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அண்ணா என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லாதே என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"இன்னும் ரெண்டு வாரம் கண்ணு" என்றேன்.